நன்றாக அழவைத்தவர்

திருமானூர் பேருந்து நிறுத்தத்தில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே இருந்த மின்கம்பத்தில் அந்தப் பேனரைக் கட்டியிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே என் மாமா, தலையில் முள்முடியோடும் நெற்றியிலிருந்து கோடுகோடாக இறங்கும் சாயத்தோடும், கண்களை வானத்துக்குத் தூக்கி வைத்திருந்தார். இறந்தவர் படம் என்றால் சட்டைப் பையில் பேனா செருகிய படத்தைப் போடுவார்கள், இல்லையென்றால் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் போடுவார்கள். இவருக்குப் பெரிய வெள்ளியன்று ஏசு வேடத்தில் எடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் அது. வேறொரு செய்திக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். அரியலூர் பஸ்ஸுக்காக நின்ற இரண்டு பெண்கள் பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தாலே அழுவை வருதுக்கா" என்றார் இளையவர். "அவரு மொத தடவ கீழ வுழுவுறப்பவே எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும்டி. இனிமே யாரு அப்படி அழவெக்கப் போறா" என்று மற்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகு அந்த முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவர் முகம்போல. பஸ் வந்ததும் இருவரும் ஜன்னலோரம் பிடிக்க ஓடினார்கள்.

அந்த நிறைவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். எனக்கு அதன்மேல் மரியாதை இல்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாளிதழ் செய்தியாளனாக அலைந்தவன் நான். சிறுவாச்சூர் தாண்டி நெடுஞ்சாலையில் விபத்து என்றால் போலீஸுக்கு அடுத்து அங்கே போய் நிற்கிறவன். அங்கே கூடும் கூட்டத்தில் அழுகிறவர்களை அநேகமாக நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்ப்பார்கள், போனை எடுப்பார்கள், எந்த ஊர் வண்டி என்று கேட்பார்கள், யார்மேல் தப்பு என்று உடனே தீர்ப்பும் சொல்வார்கள். தூக்கிவிட வேண்டியிருக்குமோ, சாட்சிக்குக் கூப்பிடுவார்களோ என்ற கணக்கு கண்ணில் ஓடும். அதே ஆட்கள் வீட்டுக்குப் போய், டிவி தொடரில் ஒரு மருமகள் வாசலில் நிற்பதைப் பார்த்து மூக்கைச் சிந்துவார்கள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியர் ஒருவர் பேசிய கூட்டத்துக்குப் போயிருந்தேன். சோகத்தை நாம் ஏன் ரசிக்கிறோம் என்பது தலைப்பு. கலையில் பிறர் துன்பத்தைக் கண்டு அழும் மனம் இளகப் பழகுகிறது, பழகிய மனம் வாழ்க்கையிலும் இளகும் என்றார். மாணவர்கள் கைதட்டினார்கள். நான் நான்கு பத்தி எழுதி அனுப்பினேன். பேராசிரியர் இப்படிச் சொன்னார் என்றுதான் எழுதினேன், உண்மை இது என்று எழுதவில்லை. எனக்கு ஒரு அத்தை இருக்கிறாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பெரம்பலூரில் வளர்ந்தவளைக் கொள்ளிடக் கரையோரம், ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் நெல்லும் கரும்பும், நடுவில் மாதா கோயில், கோயிலைச் சுற்றி நாலு தெரு. பெரிய வெள்ளியன்று பிற்பகலில் அங்கே ஊர்க்காரர்களே வேடம் கட்டிச் சிலுவைப் பாதை நடத்துவார்கள். மேடை கிடையாது. கோயில் வாசலில் பிலாத்து தீர்ப்புச் சொல்வதில் தொடங்கித் தெருத் தெருவாக நடந்து, ஆற்றங்கரை மேட்டில் சிலுவையை நட்டு முடிப்பார்கள். பாடுகளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வழியில் ஒரு ஸ்தலம் உண்டு; ஒவ்வொன்றிலும் கூட்டம் நிற்கும், ஜெபம் சொல்வார்கள், அழுவார்கள், நகர்வார்கள். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து இந்துக்களும் நிறைய வருவார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகும்வரை ஒரு வருடமும் விடாமல் அந்த ஊரின் ஏசு, அத்தையின் கணவரான என் மாமாதான்.

நல்ல நடிகர். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். சவுக்கைச் சணலில் பின்னி, சிவப்புச் சாயத்தில் ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். ஏசுவின் அங்கிக்குள் முதுகில் ஒரு சாக்கை மடித்துக் கட்டியிருப்பார்கள். அடிக்கும் சேவகன் கையை ஓங்கி வேகமாக இறக்கி, கடைசி நொடியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சணல் நுனி துணியைத் தொட்டுவிட்டு வரும். வெள்ளை அங்கியில் சிவப்பாக ஒரு கோடு விழும். வலியை வேடம் கட்டியவர்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மாமா உண்டாக்கினார். அடி விழுவதற்கு முன்பே அவர் தோள் சுருங்கும். விழுந்ததும் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. பிறகு வாய் திறக்கும், சத்தம் வராது. இன்னொரு அடி வருமா என்று கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும். அடிபடுகிற ஒருவரின் முகத்தை இத்தனை துல்லியமாக இவர் எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று சின்ன வயதில் வியந்திருக்கிறேன். வளர்ந்த பிறகு தெரிந்தது. அது அத்தையின் முகம்.

ஊருக்கும் அது தெரியும். அத்தை வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவர். குடித்துவிட்டு வந்து மாமா அடிக்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் டிவி சத்தம் கூடும். விடுமுறைக்குப் போயிருந்தபோது நானே கேட்டிருக்கிறேன். காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா, "என்னக்கா கன்னம் வீங்கியிருக்கு, பல்லு வலியா" என்று கேட்பார். அத்தை ஆமாம் என்பாள். கிராம்பு வைத்துக் கடிக்கச் சொல்வார் அவர். கேட்டவருக்கும் பல்வலி இல்லை என்று தெரியும், சொன்னவளுக்கும் கேட்டவருக்குத் தெரியும் என்று தெரியும். இதே அம்மாதான் பெரிய வெள்ளியன்று முதல் ஆளாக மாரில் அடித்துக்கொண்டு அழுவார். அத்தை ஒருமுறை பெரம்பலூருக்கு வந்து, இனிமேல் அங்கே போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னாள். "ஊரே அவரப் பாத்து அழுவுது, நீ ஒருத்திதான் இப்படிச் சொல்ற" என்றார் அப்பா. மறுநாள் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மாமாவின் நடிப்பு அவருக்கு எத்தனை வலுவான அரணாக இருந்தது என்பதை அன்றைக்குத்தான் நான் கண்டுகொண்டேன். தெருவில் அடி வாங்குகிறவர் வீட்டில் அடிப்பார் என்று நம்ப யாருக்கும் விருப்பமில்லை. நம்பினால் அடுத்த வருடம் அழமுடியாது.

அத்தைக்கு இருந்த ஒரே பிடி அந்த ஊரின் ஒரு வழக்கம். ஏசு வேடம் கட்டுகிறவர் தவக்காலத்தின் நாற்பது நாளும் விரதம் இருக்க வேண்டும். விபூதிப் புதனன்று கோயிலில் சிலுவையைத் தொட்டு வேடத்தை ஏற்றுக்கொள்வார். அன்றிலிருந்து குடி கிடையாது, கறி மீன் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, யார்மேலும் கை ஓங்கக் கூடாது. படுக்கை கோயில் மண்டபத்தில். விரதத்தை முறித்தவன்மேல் சிலுவை சரிந்துவிடும் என்பது நம்பிக்கை. முன்னொரு காலத்தில் ஒருவர் தவக்காலத்தில் ரகசியமாகக் குடித்துவிட்டு வந்து, சிலுவை சரிந்து முழங்காலை உடைத்துக்கொண்டாராம். மாமா அத்தைக்குப் பயப்படவில்லை, மாமனார் வீட்டுக்குப் பயப்படவில்லை, போலீஸுக்கும் பயப்படவில்லை. அந்த மரத்துக்குப் பயப்பட்டார். ஆகையால் வருடத்தில் அந்த நாற்பது நாள் மட்டும் அத்தை இரவில் கதவைத் தாழிடாமல் தூங்கினாள்.

சிலுவைப் பாதையில் அத்தையும் மற்றப் பெண்களோடு நடப்பாள். ஆனால் அழமாட்டாள். சவுக்கடி நடக்கும் இடத்தில் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். ஒரு வருடம் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். சுற்றிலும் பெண்கள் கதறிக்கொண்டிருக்க, அத்தை முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. என்ன அத்தை என்று பிறகு கேட்டேன். "இன்னிக்கு ஒருசந்திதானே மருமவனே, பச்சத்தண்ணி குடிக்கல. ஆனா அவரு முதுவுல சவுக்கு வுழுவறதப் பாத்தா எனக்கு அதுலயே வவுறு நெறஞ்சிரும்" என்றாள். அந்தக் கூட்டம் முழுக்க அனுபவித்த சுகத்தில் நேர்மையானது இவளுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தான் எதைப் பார்த்து மகிழ்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அழுகை முடிந்ததும் மோர்ப்பந்தலில் நின்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "இந்த வருசம் நல்லா அழுதோம்டி." "போன வருசம் மூணாவது வுழுவுறப்ப இன்னும் நல்லா இருந்துச்சு." சாப்பாட்டைப் பற்றிப் பேசும் பேச்சு அது. அழுது முடித்ததும் தான் நல்லவள் என்று ஒரு சான்றிதழ் கையில் கிடைக்கிறது. அதற்காக எழுந்து எதையும் செய்ய வேண்டியதில்லை, கதை எப்படி முடியும் என்றும் முன்பே தெரியும். விபத்து நடந்த இடத்தில் இந்த வசதி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலும் இல்லை.

இதை ஒரு கலையாகவே நடத்தியவர் பங்குப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். வேடம் பங்கிடுவது, ஒத்திகை பார்ப்பது, மைக்கில் ஜெபம் வாசிப்பது எல்லாம் அவர்தான். எத்தனையாவது ஸ்தலத்தில் பெண்கள் அழத் தொடங்குகிறார்கள் என்பதே அவருடைய அளவுகோல். இரண்டாவதிலேயே அழுதுவிட்டால் அந்த வருடம் வெற்றி. வாசிக்கும்போது பாதியில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுகைச் சத்தத்தைக் கேட்பார், கச்சேரி கேட்பவர்போல. ஒரு வருடம் தவக்காலத்துக்குச் சற்று முன்பு, இந்தமுறை ஏசு வேடத்தை மாற்றுவதாக அவர் அறிவித்தார். பெரம்பலூரில் டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஒரு இளைஞன், ஒல்லியாக, இயல்பான தாடியோடு இருந்தான். அவனுக்குத்தான் வேடம். ஊரில் இது நாடகச் செய்தி. அத்தைக்கு அது வேறு செய்தி. வேடம் போனால் விரதம் போகும், விரதம் போனால் நாற்பது நாளும் போகும்.

அத்தை முதலில் பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் ஊருக்குப் புதியவர், சிலுவைப் பாதைக் கமிட்டி முடிவு என்று சொல்லிவிட்டார். கமிட்டி கூடும் நாளில் என்னைக் கூட வரச் சொன்னாள். பேப்பர்காரன் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்பது அவள் எண்ணம். பள்ளிக்கூட அறையில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் ஊர்ப் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் அன்பாகத்தான் பேசினார். "உங்க வூட்டுக்காரரு நல்லா பண்ணுவாரும்மா, இல்லேங்கல. ஆனா வவுறு போட்டுட்டாரு. போன வருசம் சிலுவையில நிக்கையில ஏசுசாமியாத் தெரியல, ஒன்றியச் செயலாளர் மாரி இருந்தாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அத்தை காத்திருந்தாள்.

"நான் நாடகத்துக்காகக் கேக்க வரல சார். வெரதம் இருந்தா அவரு என்ன அடிக்க மாட்டாரு. அந்த நாப்பது நாளு எனக்கு வேணும்."

அடிப்பாரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேட்டி எடுக்கும்போது நான் முதலில் கவனிப்பது, எந்த இடத்தில் ஆச்சரியம் வரவில்லை என்பதைத்தான். அந்த அறையில் ஆச்சரியமே இல்லை. ஒருவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். நாடகம் என்றால் ஒரு தரம் வேண்டும், குடும்பப் பிரச்சினையைக் கொண்டுவந்து அதில் போட்டால் எப்படி என்று தலைமையாசிரியர் வருத்தப்பட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அது பெருந்தன்மையான யோசனை என்றே அவர் நம்பினார், இன்றும் நம்பிக்கொண்டிருப்பார். மாமாவை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், அந்த உடம்புக்குப் பொருத்தமாக முதல் சேவகன் வேடத்தைக் கொடுத்துவிடலாம். நாடகத்திலேயே இருந்தது மாதிரியும் ஆயிற்று. கமிட்டி தலையாட்டியது. சேவகனுக்கு விரதம் கிடையாதே சார் என்று அத்தை கேட்டாள். அது உண்மை. சேவகர்கள் பெரிய வெள்ளியன்று செங்கல் சூளைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். குடிக்காமல் எப்படி அடிக்க முடியும் என்று ஊரே கேலி பேசும். தான் விரதம் இருக்கச் சொன்னால் மாமா இருப்பார் என்று தலைமையாசிரியர் உறுதி கொடுத்தார்.

வெளியே வந்தோம். அத்தை கோயிலைத் தாண்டி நடந்தாள். பிறகு, "அவரு கையில சவுக்கக் குடுத்து அனுப்பறாங்க மருமவனே" என்றாள்.

அந்தத் தவக்காலத்தைப் பற்றி நான் விவரிக்கப்போவதில்லை. விபூதிப் புதனன்று மாலை அத்தை எனக்குப் போன் செய்தாள் என்பது போதும். மாமா கோயில் மண்டபத்துக்குப் படுக்கப் போகவில்லை. மண்டபத்தில் அந்த இளைஞன் பாய் விரித்திருந்தான். வேடம் போனதில் மாமா உண்மையாகவே நொறுங்கியிருந்தார். இதில் நடிப்பு இல்லை. அடிபடுகிறவன் எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்கிறான். வருடத்துக்கு ஒருமுறை அந்த இடத்தில் போய் நின்று, தன்னை நியாயமானவனாகப் பல ஊர் ஜனங்களின் கண்ணில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்தப் பார்வை கிடைக்காமல் போனதும், யார் அதைப் பறித்தார்கள் என்று தேடினார். அத்தை கமிட்டியில் சொன்னது அன்றைக்கே அவர் காதுக்குப் போயிருந்தது.

பெரிய வெள்ளியன்று நான் செய்திக்காகவே போனேன். வெயில் தெருவில் கொதித்தது. இளைஞனுக்கு நடிப்பு வரவில்லை. பிலாத்துக்கு முன்னால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். இரண்டாவது ஸ்தலம் போயிற்று, யாரும் அழவில்லை. பெண்கள் தலைத்துணியைச் சரிசெய்தார்கள், பின்னால் யாரோ பெரம்பலூர் வெங்காய விலை பேசினார்கள். தலைமையாசிரியரின் குரலில் எரிச்சல் தெரிந்தது. அப்போது மாமா அடித்தார். கையை நிறுத்தவில்லை. சாக்கு கட்டிய முதுகை விட்டுவிட்டுத் தோளிலும் கெண்டைக்காலிலும் அடித்தார். எங்கே சாக்கு இருக்கும், எங்கே இருக்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இளைஞன் அலறினான். அந்த அலறலில் கூட்டம் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. உடனே அழுகை தொடங்கியது. நான் பார்த்த எந்த வருடத்திலும் அப்படி அழுததில்லை. ஆண்களும் அழுதார்கள். தலைமையாசிரியர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டாவது ஸ்தலம் அத்தையின் தெருவில். ஊர்ப் பெண்கள் ஏசுவைப் பார்த்து அழும் இடம் அது. வேடம் தேவையில்லை, வந்திருக்கும் பெண்களே அழுதால் போதும். இளைஞன் சிலுவையோடு முழங்காலிட்டிருந்தான். மாமா மறுபடி கையை ஓங்கினார். அத்தை வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், வெளிர்நீலச் சேலையில், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே. நேராக நடுவில் போய் இளைஞனின் தோளைத் தொட்டாள்.

"எந்திரி தம்பி. போதும், வூட்டுக்குப் போ." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. "இவன் சாயங்காலம் குளிச்சிட்டுச் சோறு திம்பான். இவனுக்கு எதுக்குடி அழுவுறீங்க? செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் கத்துனப்ப நீங்கள்லாம் எங்கடி இருந்தீங்க?"

ஒலிபெருக்கியில் தலைமையாசிரியரின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. தங்கச்சி ஓரமா நில்லுங்க, ஜெபம் நடக்குது என்றார். மாமா கையை இறக்கினார். சவுக்கு அத்தையின் முதுகில் விழுந்தது. வெளிர்நீலத்தில் சிவப்புக் கோடு. அவள் தோள் முன்பே சுருங்கியிருந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பல வருடம் மாமா செய்து காட்டிய அதே முகத்தை அதன் சொந்தக்காரியிடம் அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. முன்வரிசையில் நின்ற உள்ளூர்ப் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். அவர்கள் அசையவில்லை. பின்னால் நின்ற வெளியூர்க்காரர்களின் அழுகை இன்னும் கூடியது. எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள், "யாருடி இது, போன வருசம் இந்த வேசம் இல்லையே? என்னமா நடிக்கிறா."

அசைந்தது ஒருவன்தான். இளைஞன் சிலுவையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தான். முள்முடி ஒரு காதின்மேல் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சிலுவை தரையில் விழுந்த சத்தத்தில் அழுகை நின்றது, குழாயை மூடியதுபோல. அந்த முகங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரக்கம் இல்லை, வெட்கமும் இல்லை. சாப்பிடும்போது இலையை யாரோ இழுத்துவிட்டால் வருகிற கோபம் இருந்தது. மாரில் அடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாதான் முதலில் பேசினார். "படுபாவி, சிலுவையக் கீழ போட்டுட்டானே."

ஊர் அதையே பிடித்துக்கொண்டது. சிலுவை மண்ணில் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தைச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். இளைஞன் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அத்தைக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. சவுக்கடியை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். சோக இசை சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். எனக்கும் பல பேர் அனுப்பினார்கள். இளைஞன் அலறுவதில் தொடங்குகிறது. கடைசியில் அத்தை வீட்டு வாசல் ஓரத்தில் தெரிகிறது, அவள் கால் படியை விட்டு இறங்குவதற்கு முன்னால் முடித்துவிட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் ஏசு வேடத்தை மறுபடியும் மாமாவுக்கே கொடுத்தார்கள். சிலுவையை மதிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்ததாம். அடிக்க வீட்டில் ஆள் இல்லாத அவர் விரதத்தை வழுவாமல் கடைப்பிடித்தார். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா, பாவம், அந்தத் துக்கம் முகத்திலேயே தெரியுது என்று பெண்கள் முன்னைவிட நன்றாக அழுதார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் அவர்தான்.

அத்தை அன்று மாலையே என்னோடு பஸ் ஏறிவிட்டாள். இந்தமுறை அப்பா திருப்பி அனுப்பவில்லை, சேலையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இன்று அவள் பெரம்பலூரில் ஒரு பெண்கள் விடுதிக்கு எதிரே ஒற்றை அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். ஜாக்கெட் தைப்பாள், சுடிதார் அளவு குறைப்பாள். வீட்டில் டிவி இல்லை. ஏன் என்று கேட்டால் கண்ணுக்கு ஆகவில்லை என்பாள். இரவில் கதவைத் தாழிடாமல்தான் இன்னமும் தூங்குகிறாள், வருடம் முழுக்க. திருட்டுப் பயம் இருக்கிறது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கலை மனிதனைப் பண்படுத்துகிறது என்று மேடையில் யாராவது பேசினால் இப்போதும் குறித்துக்கொள்கிறேன், மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்புகிறேன். அந்தத் தெருவில் அழுதவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கண்ணீரும் பொய் இல்லை. ஆனால் அது யாரையும் தேடி வந்த கண்ணீர் இல்லை. தாங்களே குடிக்கத் தாங்களே இறைத்துக்கொண்ட தண்ணீர்.

மாமா இறந்த அன்று காலை நான் அத்தையின் அறையில் இருந்தேன். தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியும் எல்லோருக்கும் அவர் தலைமையாசிரியர்தான். மாரடைப்பு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஜனம் வந்துகொண்டிருக்கிறது, பிற்பகலில் அடக்கம், அதற்குள் அத்தையை அழைத்து வந்துவிட வேண்டும். பழசையெல்லாம் மறக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாரும் வந்து சும்மா நிக்கிறாங்க தம்பி. அவங்க வந்து தலைமாட்டுல உக்காந்து அழுதாத்தான் சாவுக்கு ஒரு இது இருக்கும்" என்றார்.

போனை அத்தையிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த கொக்கியை எடுத்தாள்.

"எனக்கு வேசம் கட்டத் தெரியாதுன்னு சொல்லிடு மருமவனே."

ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். மறுமுனையில், பின்னால் பந்தல்காரர்கள் கம்புகளை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஒத்திகைக்கு ஆள் வராத நாட்களில் பேசுகிற அதே பதற்றமில்லாத குரலில் தலைமையாசிரியர், "சரி தம்பி, அப்ப அவரு கூடப்பொறந்த தங்கச்சிய முன்னால உக்கார வெச்சுக்கறோம்" என்றார்.